வளர்ந்து முடிந்த குதிரை

ஏற்காடு ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரையைப் பார்த்தால் குழந்தைகள் முதலில் கேட்பது, "இது குட்டியா? எப்பப் பெருசாகும்?" என்றுதான். தினம் இதே கேள்வியைக் கேட்டுச் சலித்துப்போன குதிரைக்காரர் ஒருவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. "இதுக்கு உன்னைவிட வயசு ஜாஸ்தி பாப்பா. வளந்து முடிஞ்ச குதிரை." பக்கத்தில் நின்ற அப்பா விடவில்லை. "மலைக் குளிர்ல வளர்த்தி நின்னு போயிருக்கும்" என்று மகளுக்கு விளக்கினார். சேலத்து வெயிலிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து சால்வைக்குள் ஒடுங்கி நின்றவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் மலை எந்தக் குதிரையையும் குட்டையாக்குவதில்லை. மலையில் பிழைப்பவர்கள் குட்டையான குதிரையைத் தேடி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தபோது மேலே வர வண்டிப் பாதை கிடையாது. தோட்டத் துரைமார்கள் மட்டக்குதிரையில் ஏறினார்கள். அது முடியாதவர்களை நாற்காலியில் உட்கார வைத்து ஆட்கள் தூக்கிவந்தார்கள். (தூக்கியவர்களின் முதுகைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.) சரளையும் சரிவுமான தடத்தில் நெடுங்கால் குதிரை தடுமாறும், மட்டக்குதிரை காலைப் பார்த்து வைக்கும், கிடைத்த புல்லில் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவியில் மூட்டை சுமக்கிறவையும் இவைதான்.

குதிரையின் உயரத்தைத் தலையில் அளப்பதில்லை. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஓர் எலும்பு மேடு இருக்கும். தரையிலிருந்து அதுவரை அளப்பார்கள். அந்த அளவு 58 அங்குலத்துக்குள் இருந்தால் போனி, அதாவது மட்டக்குதிரை; தாண்டினால் குதிரை. போட்டி நடத்துகிறவர்கள் தங்கள் வசதிக்குப் போட்ட கோடு இது.

இந்த உயரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று 2012-இல் ஓர் ஆய்வு தேடியது. 16 இனங்களைச் சேர்ந்த 48 குதிரைகளின் மரபணுத் தொகுதியை அலசியதில், உடல் அளவு வேறுபாட்டில் 83 சதவீதத்தை நான்கே நான்கு இடங்கள் விளக்கிவிட்டன. மனிதர்களோடு ஒப்பிட்டால்தான் இது எவ்வளவு விசித்திரம் என்று புரியும். 2022-இல் 54 லட்சம் மனிதர்களின் தரவை வைத்து நம் உயரத்தைத் தேடியவர்களுக்கு 12,111 இடங்கள் அகப்பட்டன. நம் வீட்டில் அண்ணன் நெட்டை, தம்பி குட்டை என்றால் அதற்கான காரணம் அத்தனை இடங்களில் சிதறிக் கிடக்கிறது. குதிரைக்கோ நான்கு இடங்களில் முக்கால்வாசிக்கு மேல் முடிந்துவிடுகிறது. வண்டி இழுக்கப் பெரிதும், சுரங்கத்துக்குள் போகச் சிறிதும் வேண்டும் என்று மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இணை சேர்த்ததன் விளைவு இது. அப்படி வலிந்து பொறுக்கும்போது பெரிய மாற்றம் தரும் சில மரபணுக்கள் வேகமாக முன்னுக்கு வந்துவிடும்.

அந்த நான்கில் எனக்குச் சுவாரசியமானது எச்.எம்.ஜி.ஏ.2. கரு வளரும் காலத்தில் செல்கள் பெருகுவதற்குத் துணைநிற்கும் புரதம் ஒன்றுக்கான மரபணு அது. ஷெட்லாந்து மட்டக்குதிரைகளில் இந்த மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை 2015-இல் கண்டுபிடித்தார்கள். மாறிய பிரதி ஒன்று இருந்தால் உயரத்தில் சராசரியாக 9.5 சென்டிமீட்டர் குறைகிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டும் வந்து சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு சாண் போய்விடும்.

குட்டை என்றதும் வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்று நினைத்துவிடுகிறோம். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அந்த ஹார்மோனை விடுகிறது; அது கல்லீரலைத் தூண்டி ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொன்றைச் சுரக்க வைக்கிறது. எலும்பு முனைகளில் உள்ள குருத்துத் தட்டுகள் அதைக் கேட்டு நீள்கின்றன. பருவம் வந்ததும் பாலின ஹார்மோன்கள் அந்தத் தட்டுகளை மூடிவிடும். குட்டியிலேயே காயடித்த ஆண் குதிரை கொஞ்சம் கூடுதலாக உயர்வது, தட்டு மூடத் தாமதமாவதால்தான். ஆனால் இதே எச்.எம்.ஜி.ஏ.2 பழுதான சுண்டெலியை 1995-இல் ஆராய்ந்தவர்கள், எலி குட்டையாக இருந்தாலும் அதன் வளர்ச்சி ஹார்மோன் வழித்தடத்தில் கோளாறு இல்லை என்று கண்டார்கள். ஹார்மோனின் கட்டளை சரியாகவே போகிறது. வேலைக்கு வந்த செல்களின் எண்ணிக்கை தொடக்கத்திலேயே குறைவு. அதனால்தான் நல்ல மட்டக்குதிரையிடம் ஊனத்தின் சாயல் தெரிவதில்லை. தலை, கால், உடல் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும்.

தாயின் வயிற்றுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1938-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வால்டனும் ஹாமண்டும் மலைபோன்ற ஷயர் குதிரையையும் ஷெட்லாந்தையும் செயற்கைக் கருவூட்டல் மூலம் இணைத்தார்கள். வேறு வழியில் அது நடக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தாய் ஷயர் என்றால் பிறந்த குட்டியின் எடை, தாய் ஷெட்லாந்தாக இருந்தபோது பிறந்த குட்டியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. கலப்பு இரண்டிலும் ஒன்றுதான். கருப்பை மட்டுமே வேறு. சிறிய தாய் தன்னால் ஈன முடிந்த அளவுக்குள் குட்டியை நிறுத்திவைக்கிறாள்.

இதையெல்லாம் படித்த பிறகு மார்க்கோ போலோவின் பழைய புகார் ஒன்று எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தவர் அவர். ஹோர்முஸ், ஏடன் போன்ற துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போவதையும் எழுதினார். உயர்ந்த ஆண் குதிரையையும் உயர்ந்த பெட்டையையும் சேர்த்தாலும் இந்த நாட்டில் கால் கோணலான, ஏறிச் சவாரி செய்ய முடியாத குட்டிதான் பிறக்கிறது என்றார். மண்ணின் குணம் என்று பலர் இதை எடுத்துக்கொண்டார்கள். அவரே இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: இங்கே குதிரைக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுக்கிறார்கள் என்று. என் ஊகம் அந்தச் சோற்றில் இருக்கிறது. அரிசியிலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இப்படித் தின்னும் குதிரையின் ரத்தத்தில் சுண்ணாம்பைச் சமன்செய்ய பாராதைராய்டு ஹார்மோன் பெருகி எலும்பிலிருந்தே அதை உருவி எடுக்கும். எலும்பு மெலியும், குட்டி நொடிக்கும். பாண்டியர் லாயத்துக் குட்டிகள் குன்றியது தீனியால் என்றால், ஏற்காட்டு மட்டக்குதிரையை அவற்றோடு ஒரே வரிசையில் நிறுத்துவது தவறு.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவை ஒட்டிய குதிரைச் சந்தைக்குப் போனால், மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக் குதிரை, மட்டம் எல்லாவற்றையும் ஒரே மைதானத்தில் பார்க்கலாம். வாங்க வருகிறவர்கள் சுழி பார்ப்பார்கள், வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். சுழியில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அவர்கள் குளம்பைத் தூக்கிப் பார்க்கும் விதத்தில் இருக்கும் அறிவை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஏனென்றால் மட்டக்குதிரையின் உண்மையான பலவீனம் குளம்பில்தான் இருக்கிறது, அதுவும் ஒரு ஹார்மோன் வழியாக. வறண்ட புல்லில் பிழைக்கப் பழகிய உடல் அது. மாவுச்சத்தும் இனிப்பும் கூடினால் இன்சுலின் தாறுமாறாக ஏறும். 2007-இல் ஆஸ்திரேலியாவில் நோயற்ற மட்டக்குதிரைகளுக்கு, ரத்தச் சர்க்கரை மாறாதபடி பார்த்துக்கொண்டு, இன்சுலினை மட்டும் தொடர்ந்து ஏற்றினார்கள். மூன்று நாளுக்குள் ஏற்றிய அத்தனைக்கும் குளம்பு அழற்சி வந்துவிட்டது. குளம்புச் சுவரையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மெல்லிய இழைகள் விட்டுப்போய், முற்றினால் எலும்பே கீழே இறங்கிவிடும். குதிரையால் நிற்க முடியாது. 2019-இல் வெல்ஷ் மட்டக்குதிரைகளை ஆராய்ந்தபோது, உயரத்தைக் குறைக்கும் அதே எச்.எம்.ஜி.ஏ.2 மாற்றம் இன்சுலின் அளவோடும் தொடர்புடையதாகத் தெரிந்தது. அந்த ஓர் எழுத்து மாற்றம் குட்டைக் காலோடு இன்சுலின் தொல்லையையும் கூட்டிவருகிறது போலும்.

கொள்ளென்றால் வாய் திறக்கும் என்று குதிரையைச் சொல்வோம். ஏரிக்கரையில் அது பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் வெல்லத்துக்கும் வாய் திறக்கிறது. நாம் ஆசையாகக் கொடுக்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், அரைமணியில் இறங்கிப் போய்விடுகிறோம். அடுத்து வரும் குடும்பமும் ஒரு பன் வாங்குகிறது.

ஏற்காட்டுக்கோ ஊட்டிக்கோ போகிறவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, மட்டக்குதிரைக்கு இனிப்பும் ரொட்டியும் கொடுக்காதீர்கள். கையில் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் குதிரைக்காரரைக் கேட்டு ஒரு பிடி புல் கொடுங்கள். இரண்டு, குழந்தையை ஏற்றுங்கள், நீங்கள் ஏறாதீர்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைதான் குதிரை சிரமமில்லாமல் சுமக்கும் என்பது குதிரையேற்றக்காரர்களின் பொதுக்கணக்கு. 200 கிலோ மட்டத்துக்கு அது 40 கிலோ. அரசின் கணக்கு இதைவிடத் தாராளமானது. பாரம் சுமக்கும் விலங்குகளை வதைப்பதைத் தடுக்க 1965-இல் கொண்டுவந்த மத்திய அரசு விதிகளில் கோவேறு கழுதைக்கு 200 கிலோ, மட்டக்குதிரைக்கு 70 கிலோ என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள்.