சுவருக்குப் பின்னால் தண்ணீர்

வானொலியில் தினமும் நான்கு மணி நேரம் பேசுகிறவள் நான். ஆனால் அப்பாவிடம் ஒரே ஒரு வரி சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. "அப்பா, சுவர் விழுந்தது நீங்க கட்டின விதத்தாலதான்."

எங்கள் வீடு செகிஞ்சானில், வயலுக்குப் போகும் ஒரு பாரிட் ஓரத்தில் இருக்கிறது. மேடே இல்லாத ஊரில் தடுப்புச் சுவர் எதற்கு என்று கேட்பீர்கள். தண்ணீர் ஏறாமலிருக்க இங்கே பலர் லாரி லாரியாகச் செம்மண் கொட்டித்தான் வீடு கட்டுகிறார்கள். கொட்டிய மண் பாரிட் பக்கம் சரியாமல் எதாவது பிடித்து நிறுத்த வேண்டும். தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறிச் சொந்த நிலம் வாங்கிய வருடம், அப்பா தன் கையாலேயே செங்கல் வைத்து, சிமெண்டு பூசி, வெள்ளையடித்து ஒரு சுவர் எழுப்பினார். வருகிறவர்களிடம் வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் சுவரைத்தான் காட்டுவார்.

போன நவம்பரில் ஒரு ராத்திரி அது பாரிட்டுக்குள் சாய்ந்தது. அம்மாவின் கறிவேப்பிலை மரமும் கூடவே போனது. அன்று சாயங்காலம்வரை அண்ணன் மகள் அந்த இடத்தில்தான் மண்சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள்.

"பேய் மழை, என்னா செய்ய?" என்றார் அப்பா. மழையைத் திட்டிவிட்டு அதே மாதிரி இன்னொன்று கட்டச் செங்கல் விலை விசாரிக்க ஆரம்பித்தார்.

நான் படித்தது ஊடகத் துறை. மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. நிகழ்ச்சிக்கு வரும் விருந்தினரைத் துளைப்பது போலத் தெரிந்த பொறியாளர்களைப் போனில் துளைத்தேன். எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் வெளியே போக வழி வைத்தீர்களா? அப்பாவின் சுவரில் ஒரு துளைகூட இல்லை. சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது ஏறக்குறைய 500 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். ஈர மண் தள்ளுவது தனிக் கணக்கு.

நம் சிலாங்கூரிலேயே அதற்குக் கொடிய சாட்சி உண்டு. 1993 டிசம்பர் 11 அன்று ஹுலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸின் முதல் புளோக் சரிந்து 48 பேர் இறந்தார்கள். பின்னாலிருந்த மலைச்சரிவில் நீர் வடியும் வழி சரியில்லை. தடுப்புச் சுவர்கள் தாங்கவில்லை. மண் நகர்ந்து அடித்தளத்தையே தள்ளியது. அப்பா அந்தச் செய்தியை டிவியில் பார்த்தவர். அதைச் சொல்லித்தான் கடைசியில் பேச்சை ஆரம்பித்தேன். அவர் பதில் பேசாமல் எழுந்து போய், விழுந்த சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

மறுவாரம் கற்கள் வந்தன. அச்சில் வார்த்த கான்கிரீட் கல், ஒவ்வொன்றும் சுமார் 30 கிலோ. ஒன்றின் மேல் ஒன்று கவ்விக்கொள்ளும், பூச்சு வேண்டாம். "சிமெண்டு இல்லாம சுவரா? புள்ளைங்க வெளையாட்டு மாதிரி இருக்கு" என்றார் அப்பா. 24 அடி நீளத்துக்கு, ஐந்து வரிசையில் 90 கல். உடைந்தால் இருக்கட்டும் என்று ஐந்து கூடுதல். வெளியே தெரியும் உயரம் மூன்று அடிக்கும் குறைவு. நான்கு அடியைத் தாண்டியிருந்தால் நாங்கள் தொட்டிருக்கவே மாட்டோம். அது பொறியாளர் வேலை.

முக்கால்வாசிப் பாடு மண்ணுக்குக் கீழேதான். எங்கள் பக்கம் களிமண். மிதித்தால் கால் இறங்கும். எல்லைக் கல்லுக்கு உள்ளே தள்ளி, இளகிய மண் தீரும்வரை வெட்டி, துணி விரித்து, கிரஷர் ரன் கொட்டி இடித்தோம். முதல் வரிசை முழுக்கப் புதைய வேண்டும். அதில் நூலளவு கோணல் இருந்தாலும் மேலே போகப் போகப் பெரிதாகும். என் ரசமட்டத்தை அப்பா நம்பவில்லை. கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் பிடித்துப் பார்த்தார். நான் வைத்த ஏழு கல்லைப் பெயர்த்து மறுபடி வைக்கச் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி.

ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் மண் பக்கமாகப் பின்வாங்கி உட்கார்ந்தது. முதுகில் ஓரடி அகலத்துக்குச் சரளை. சரளைக்கும் மண்ணுக்கும் நடுவே துணி. அடியில் துளையிட்ட குழாய். குழாயின் வாயை எங்கே விடுவது என்பதில்தான் சண்டை. வயலுக்குத் தண்ணீர் விடும் காலத்தில் பாரிட் எவ்வளவு ஏறும் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு விரற்கடை சுத்தமாகத் தெரியும். நான் குறித்த இடத்துக்கு ஒரு சாண் மேலே வைத்தார்.

ஏப்ரலில் முதல் பெரிய மழை அடித்த இரவு, டார்ச்சோடு வெளியே போனவர் நனைந்தபடி என் ஜன்னலைத் தட்டினார்.

"தண்ணி வருதும்மா. கலங்கல் இல்லாம வருது."

காலையில் அம்மா புதுக் கறிவேப்பிலைக் கன்றோடு நின்றார். சுவரிலிருந்து ஆறடி தள்ளித்தான் நட வேண்டும் என்று அப்பா அவருக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.