நீர் வடிந்த பண்ணவாடி

மேட்டூர் நீர்த்தேக்கம் வற்றுங்கால் பண்ணவாடியில் பழைய கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் தலைகாட்டும். 1934-இல் நிறைவுற்ற அணைக்காக ஊரைவிட்டகன்ற மக்கள் விட்டுச்சென்றவை அவை. காண வருவோர் பலர். அடியேனும் அவ்வாறே சென்றேன். ஆயினும் கண் நிலைத்தது சேற்றின்மீதே. நாகமறைக்குச் செல்லும் பரிசல் துறை நீரைத் தேடிக் கீழிறங்கியிருந்தது. மீனவர் வலை சுமந்து நெடுந்தொலைவு நடந்தனர். அணையில் வண்டல் அள்ளும் பணி 2017-இல்தான் முதன்முறையாகத் தொடங்கிற்று. அது உழவர் வயலுக்குச் சென்றது, நன்றே. துறையையும் சற்று ஆழப்படுத்தலாகாதா?

முதிய மீனவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “கோபுரம் பாக்க நீங்க வர்றப்பல்லாம் எங்களுக்கு நடை கூடிப்போவுது, சாமி” என்றவர், பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் ஏற்றிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.