சாவி யாரிடம்?

வேளாங்கண்ணி என்றதும் விழிமுன் எழுவது எது? வெண்ணிறக் கோபுரங்கள்! 1962 இல் பசிலிக்கா என்ற பெருமையை உரோமாபுரி வழங்கிய பேராலயம். அதன் வரலாற்றை எழுதியோர் பலர். நாம் எழுத விழைவது, அதே கடலோரத்தில் கோபுரமின்றி நிற்கும் கட்டடங்களின் கதை.

1977 நவம்பர் 12. நாகைக் கரையைப் புயல் சூறையாடிற்று. ஓலைக் குடிசை பறந்தபின் ஓடி ஒதுங்க இடமின்றித் தவித்தனர் ஏழையர். அந்தப் பாடத்தின் பயனாகக் கடலோரச் சிற்றூர்களில் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் எழுந்தன. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வேளாங்கண்ணிக் கரையில் நூற்றுக்கணக்கானோரை விழுங்கியது. அதன்பின் மேலும் பல எழுந்தன. ஆலயத்துள் நீர் புகாதது அற்புதம் என்றனர் சிலர். அங்ஙனமாயின், வழிபட வந்து கரையிலே மாண்டோர் செய்த பிழை என்ன? காத்தது கருணையன்று, தோழர்களே! அலையின் வேகமும் நிலத்தின் மேடுபள்ளமுமே யார் பிழைப்பார் என்பதை முடிவு செய்தன.

அலை ஓய்ந்தது, சாதி ஓய்ந்ததா? துயர் துடைக்கும் முகாம்களிலும் தாழ்த்தப்பட்டோர் ஒதுக்கப்பட்டனர் என்பதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. கடல் பேதம் பார்க்கவில்லை. கரையேறிய மனிதன் பார்த்தான்!

இதே கீழ்வேளூர் வட்டத்தில்தான் கீழவெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று, உயிருக்கு அஞ்சி ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் தீக்கிரையாயினர். கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளரின் குடும்பங்கள் அவை. அன்று அவர்களுக்கென்று உறுதியான பொதுக் கட்டடம் ஒன்றேனும் இருந்ததா?

சென்ற கார்த்திகையில் கடலோரச் சிற்றூர் ஒன்றிலுள்ள புயல் கட்டடத்தைக் காட்ட நம் மாணவரை அழைத்துச் சென்றோம். கல்லும் சிமெண்டுமாய்க் கம்பீரமாக நின்றது. கதவிலோ துருவேறிய பூட்டு! "சாவி யாரிடம், ஐயா?" என்றான் ஒரு சிறுவன். பக்கத்திலிருந்தோர் ஒருவரை ஒருவர் பார்த்தனர். விடை கூற எவருமில்லை. நாமும் நாணி நின்றோம்.

2018 நவம்பர் 16 இல் கஜா வந்தபோது, இத்தகைய கூரைகளின் கீழேதான் மக்கள் இரவைக் கழித்தனர். புயலிரவில் தோளோடு தோள் ஒட்டியிருந்தோர், விடிந்ததும் வேறு வேறு தெருவுக்கு ஏன் பிரிய வேண்டும்? படிப்பகம் கண்ட இயக்கத்தின் பிள்ளைகள் நாம். அந்தக் கட்டடங்களில் நாளேடு வரட்டும். மாலை வகுப்பு நடக்கட்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமரட்டும். வெயில் நாளில் ஒன்றாய் அமரப் பழகியவரை, புயல் நாளில் பிரிக்க எவரால் இயலும்?

பூட்டைத் திறக்கச் சொல்லி மனு எழுதிவிட்டோம். உங்கள் ஊர்க் கட்டடத்தின் சாவி யாரிடம், தோழர்களே?