மூன்றாவது தெரிவு



சமூகவியல் படித்துப் பட்டம் பெற்றுவிட்டு வீட்டில் இருந்த நான், ஒரு வருடம் முழுக்கக் கணனியோடு மல்லுக்கட்டுவேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. 2020 செப்டெம்பரில் வேலையற்ற பட்டதாரிகளை நாடு முழுவதும் பயிலுனர்களாக எடுத்தார்கள். மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு, ஒரு வருடப் பயிற்சி. பிரதேச செயலகத்தில் பெயர் பதிந்த பின்னர், செட்டிகுளத்திலிருந்து காலை பஸ்ஸில் போய் வரக்கூடிய ஒரு கல்விப் பணிமனைக்கு என்னை அனுப்பினார்கள். "கணனி தெரியுமோ?" என்று கேட்டார்கள். "கொஞ்சம் தெரியும்" என்றேன். அந்தக் கொஞ்சத்தை நம்பி, பாடசாலைத் தரவுகள் சேர்க்கும் மேசையில் என்னை இருத்திவிட்டார்கள்.

வேலை கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். பாடசாலைகளிலிருந்து மாணவர் விபரம் வரும். பெயர், பிறந்த திகதி, சேர்விலக்கம், பெற்றோர் விபரம், வீட்டிலிருந்து பாடசாலைக்குள்ள தூரம் எல்லாவற்றையும் ஒரே மாதிரியான பட்டியலில் ஏற்ற வேண்டும். ஆனால் ஒரு பாடசாலை கையால் எழுதி அனுப்பும். இன்னொன்று தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பும். வேறொன்று பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பும்.

பாமினி பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் திருமண அழைப்பிதழ் முதல் பரீட்சை வினாத்தாள் வரை அதில்தான் அடித்தோம். பார்வைக்கு அது தமிழ். கணனிக்கோ அது ஆங்கில எழுத்து. பாமினியில் 'அம்மா' என்று அடிக்க எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற விசைகளைத் தட்ட வேண்டும். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் அம்மா மறைந்துவிடுவார். அந்த ஐந்து குறிகள்தான் நிற்கும். யூனிக்கோட்டில் அப்படி இல்லை. எந்தக் கணனியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். பழைய பட்டியல்களை யூனிக்கோட்டுக்கு மாற்றுவதே என் முதல் மூன்று மாத வேலையாயிற்று. 'சிவகுமார்' என்று ஓரிடத்திலும் 'சிவக்குமார்' என்று இன்னோரிடத்திலும் இருந்தால், கணனி இரண்டு பிள்ளைகள் என்று எண்ணும். பிறப்புச் சான்றிதழோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டியிருந்தது. ஒரு எழுத்தால் பின்னாளில் பரீட்சைச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பிள்ளைகள் எவ்வளவு அலைவார்கள் என்று எனக்குத் தெரியும். 2009 ஓகஸ்டில் நான் உயர்தரப் பரீட்சை எழுதியது மெனிக் பாம் முகாமில். வரும்போது ஒரு கடதாசித் துண்டும் எங்களிடம் இருக்கவில்லை.

பிழைகளைக் குறைக்க நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எக்செல்லில், அடிக்காமல் பட்டியலிலிருந்து தெரிவு செய்யக்கூடியதாகக் கட்டங்களை அமைத்தேன். ஆண், பெண் என்று ஒரு கட்டம். தரம் ஒரு கட்டம். 'தந்தையின் நிலை' என்று ஒரு கட்டம்: உயிருடன் இருக்கிறார், காலமானார். வெறுமையாக விட்டால் கட்டம் சிவப்பாகும். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். பாடசாலைத் தாள்களில் தந்தையின் விபரம் இல்லாமல், தாயின் கையொப்பம் மட்டும் இருந்த இடங்களில் சிவப்பு வந்தது. சிவப்பை நீக்க நான் 'காலமானார்' என்பதை அழுத்திக்கொண்டு போனேன். பின்னேரம் நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம்.

பட்டியல்களை அச்செடுத்து, பெற்றோர் சரிபார்த்துக் கையொப்பமிடுவதற்காகப் பாடசாலைகளுக்கு அனுப்பினோம். ஒரு கிழமையால் ஒரு அக்கா பணிமனைக்கு வந்தார். கையில் அந்தத் தாள், நான்காக மடித்தபடி.

"தங்கச்சி, இதை அடிச்சது நீங்களோ?"

"ஓம் அக்கா."

"என்ர மனுசன் செத்திட்டார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"பதினொரு வருசமா எல்லா இடமும் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறன். ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. நீங்கள் ஒரு நிமிசத்தில சொல்லிப்போட்டியள். இதை என்ர பிள்ளை வாசிச்சுப்போட்டுத்தான் என்னட்டக் கொண்டு வந்து தந்தவள்."

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் வீட்டிலும் அண்ணாவின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து எடுக்க அம்மா இன்றுவரை விடவில்லை. அந்த வீட்டிலிருந்து வந்த நான்தான் இதைச் செய்திருக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் எமில் துர்கைம் 1897 இல் வெளியிட்ட 'தற்கொலை' என்ற நூலைப் படித்தோம். அரசாங்கங்களின் மரணக் கணக்குகளை வைத்து எழுதப்பட்ட ஆய்வு அது. ஒரு மரணத்தை எந்த வகையில் பதிவது என்று தீர்மானித்தவர்கள் உத்தியோகத்தர்கள்; அவர்களுடைய தீர்மானமே பிறகு புள்ளிவிபரமாகிறது என்று பின்வந்தவர்கள் அதை விமர்சித்தார்கள். பரீட்சையில் இதை நான் இரண்டு பக்கம் எழுதினேன். அந்த உத்தியோகத்தர் ஒருநாள் நானாகவே இருப்பேன் என்று மட்டும் நினைக்கவில்லை.

அந்த அக்காவைப் பக்கத்துக் கதிரையில் இருத்தித் திரையைக் காட்டினேன். "இதில் என்ன போட வேண்டும் அக்கா?" என்று கேட்டேன். "காணாமற்போனவர் எண்டு போடுங்கோ. அதுதான் உண்மை" என்றார். அவர் முன்னாலேயே பட்டியலில் மூன்றாவது தெரிவைச் சேர்த்தேன். அதற்கு ஐந்து நிமிடங்கூடச் செல்லவில்லை. பிறகு மேலதிகாரியிடம் போய் என் பிழையைச் சொன்னேன். "எல்லாப் பட்டியலையும் திரும்ப அனுப்புங்கோ" என்றார். 'பிள்ளைக்கு இப்போது பொறுப்பானவர்' என்று இன்னொரு கட்டமும் சேர்த்தோம்.

திரும்பி வந்த தாள்களில் பல அம்மாமார் மூன்றாவது தெரிவில் அடையாளமிட்டிருந்தார்கள். வேறு சிலர் 'காலமானார்' என்பதையே விட்டிருந்தார்கள். ஒரு தாய் முதலில் காணாமற்போனவர் என்று குறித்து, அதை வெட்டி, காலமானார் என்று எழுதியிருந்தார். எத்தனை இரவு யோசித்து அந்தக் கோட்டைக் கீறினாரோ! அதில் நான் கை வைக்கவில்லை. அது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

இப்போது நான் சமூகப் பணியில் இருக்கிறேன். வீடுகளுக்குப் போகும்போது இதே கேள்வி வேறு வடிவங்களில் வருகிறது. ஆகவே நீங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், ஒரு வருடத்துக்கு மேல் காணாமற்போயிருப்பவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. பல தாய்மாரும் மனைவிமாரும் அதை வாங்க மறுத்தார்கள். 2016 இல் அந்தச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, அவர் இறந்துவிட்டார் என்று எழுதாமல், காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தில் பெறலாம். உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் பிள்ளைகளின் அலுவல்களைப் பார்க்கவும் அது பயன்படும். சட்டத்திலும் ஒரு மூன்றாவது தெரிவு உண்டு. பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பாடசாலையிலோ வேறு அலுவலகத்திலோ உங்கள் விபரத்தைக் கணனியில் ஏற்றினால், "அதில என்ன எழுதியிருக்கு, ஒருக்கா வாசியுங்கோ" என்று கேளுங்கள். கணனியில் ஏறிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதை ஏற்றியது என்னைப் போல் பஸ்ஸுக்கு அவசரப்பட்ட ஒருத்திதான்.

அந்த அக்கா போகும்போது, அச்செடுத்த புதிய தாளை இரண்டு தடவை வாசித்தார். பிறகு கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "இதை மகளிட்டக் காட்டவேணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.