விழுந்தவன் ஓடுகிறான்

1996-ல் விண்டோஸுக்கு வந்த ரோட் ரேஷ் விளையாடாதவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பரீட்சைக்கு முதல்நாள்கூட நான் விட்டதில்லை :)

அதில் எதிரே வரும் காரில் மோதினால் ஆள் ஒரு பக்கம், பைக் ஒரு பக்கம் பறக்கும். அடுத்த நொடியே எழுந்து பைக்கைத் தேடி ஓடுவான். ரத்தம் கிடையாது, மாவுக்கட்டு கிடையாது. போவது நேரம்தான். அவன் ஓடிப்போய் ஏறுவதற்குள் நாலு பேர் தாண்டிப் போய்விடுவார்கள் பாருங்கள், அதுதான் தண்டனை! (பைக் ரொம்ப அடிபட்டால் ரேஸ் காலி, ரிப்பேர் செலவு வேறு.)

2004-ல் வந்த பர்ன்அவுட் 3 இதைத் தலைகீழாக்கியது. கிராஷ் மோடில் எவ்வளவு நொறுக்குகிறோமோ அவ்வளவு டாலர் கணக்கு ஏறும். ரேஸில் மோதிய பிறகும் ஒரு பட்டனை அழுத்தினால் ஸ்லோமோஷன்; நொறுங்கிய காரையே திருப்பி எதிராளி மேல் தள்ளலாம். எத்தனை வண்டி நசுங்கினாலும் ஒரு மனுஷன் வெளியே விழமாட்டான். அதனால்தான் கூசாமல் ரசிக்க முடிகிறது என்று நினைக்கிறேன்.

போன மாதம் ஒரு திருப்பத்தில் மணல் வழுக்கி நிஜமாகவே விழுந்தேன். முழங்கை உரிந்து கிடக்கிறது, நான் முதலில் தேடியது பைக்கை! எழுந்து ஓடப் பார்த்தேன்... கால் வரவில்லை. பின்னால் ஒரு லாரி பிரேக் போட்டு நின்றிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.