எர்த்

"ஆக்சிலரேட்டர் வயர் சுடுதுப்பா. வண்டி ஸ்டார்ட்டே ஆகல, அதுக்குள்ள சுடுது."

போன வருஷம் ஆடி மாதத்தில் அப்பா போனில் சொன்னது இவ்வளவுதான். நான் பெங்களூரில் ஒரு மீட்டிங்கின் நடுவே இருந்தேன். "இன்ஜின் பக்கத்துல இருக்கற வயர் சுடாம என்னப்பா செய்யும்?" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் சொன்னதன் இரண்டாம் பாதி என் காதில் விழவே இல்லை என்பது எனக்குப் புரிய நாலு மாதம் ஆனது.

அப்பாவிடம் இருப்பது 2003 மாடல் டீசல் பிக்கப். எங்கள் முருங்கையையும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களின் காயையும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய் வரும். நான் பொறியியல் படித்த நாலு வருஷ ஃபீஸ் அதன் முதுகில்தான் போனது. அப்பாவுக்கு இப்போது 68 வயது. வண்டிக்கும் அவருக்கும் யார் முதலில் ஓய்வெடுப்பது என்று ஒரு போட்டி இருப்பதாக அம்மா சொல்வாள்.

தொந்தரவு தொடங்கியது தை மாதத்தில். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. ஏழெட்டு முறை திருப்பினால் ஒரு முறை பிடிக்கும். மற்ற நேரத்தில் தள்ள வேண்டும். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தத்தின் சூட்டிலேயே எரியும் என்பதால் தள்ளினால் கிளம்பிவிடும். அப்பா வண்டியை மேட்டில் நிறுத்தப் பழகிக்கொண்டார். மார்க்கெட்டில் மேடு ஏது? சுமைதூக்கும் பையன்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் தள்ள வைப்பார்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் முதலில் பேட்டரியை மாற்றச் சொன்னார். மாற்றியதும் பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு அதே 'டக்'. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினார்கள். பிறகு சோலனாய்டு. இதற்கு நடுவே ஆக்சிலரேட்டர் கேபிள் உறை உருகி இறுகிப்போனதால் அதை வேறொரு மெக்கானிக்கிடம் இரண்டு முறை மாற்றினார். எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் போனது. நோய் மட்டும் போகவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது நான் ஒரு மல்டிமீட்டரோடு போனேன். ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வண்டி சரியாக வேண்டும் என்று எனக்கு ஆசையே இல்லை. அப்பா இரவில் வண்டி ஓட்டுவது எங்களுக்கு ஒரு வருஷமாகவே பயமாக இருந்தது. இரண்டு முறை மைல்கல்லை உரசிக்கொண்டு வந்திருந்தார். "ஓட்டாதீங்க" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல என்னாலோ அம்மாவாலோ முடியவில்லை. வண்டியே செத்துப்போனால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? நாலு இடத்தில் மீட்டரை வைத்துவிட்டு, "இனி இதுக்குச் செலவு பண்றது வீண்பா" என்று சொல்வதுதான் என் திட்டம்.

முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், முழு சார்ஜ். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அப்பாவைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். 'டக்.' லைட் மங்கவே இல்லை. மீட்டர் 11.6 காட்டியது.

இது எனக்கு உறுத்தியது. செல்ஃப் மோட்டார் என்பது பெரிய தின்னி. காரில் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த சார்லஸ் கெட்டரிங்கின் யோசனையே அதுதான்: சில நொடிதானே ஓடப்போகிறது, அந்த நேரத்துக்கு ஒரு சின்ன மோட்டாரைத் தாங்க முடியாத அளவுக்கு வேலை வாங்கலாம். 1912 மாடல் கேடிலாக்கில் அது வந்தது, கையால் சுற்றும் கிராங்கின் காலம் முடியத் தொடங்கியது. டீசல் இன்ஜினைச் சுற்ற அந்த மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அப்படி இழுத்தால் பேட்டரி வோல்டேஜ் சட்டென்று இறங்கும், லைட் மங்கும். இங்கே லைட் பளிச்சென்று எரிகிறது. பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, வழியில் யாரோ மறிக்கிறார்கள்.

இந்த இடத்தில் மீட்டரை ஓம்ஸில் வைத்து வயரைச் சோதிப்பது பயன்படாது. 0.01 ஓம் தடையைச் சாதாரண மல்டிமீட்டர் ஒழுங்காகக் காட்டாது. ஆனால் 200 ஆம்பியர் போகும்போது அந்த 0.01 ஓம் இரண்டு வோல்ட்டைத் தின்றுவிடும். அதனால் சுமை இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். சாவி திரும்பியிருக்கும் அந்த இரண்டு நொடியில், ஒவ்வொரு துண்டின் இரு முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று அளக்க வேண்டும். வயர் நன்றாக இருந்தால் கிட்டத்தட்ட சைபர் காட்டும்.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து மோட்டார் வரை 0.3 வோல்ட். பரவாயில்லை. மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் மறு முனையை பேட்டரி மைனஸிலும் வைத்தேன். "திருப்புங்கப்பா."

6.1 வோல்ட்.

வந்த 11.6-ல் பாதிக்கு மேல் திரும்பிப் போகும் வழியிலேயே தொலைகிறது. மோட்டாருக்கு மிஞ்சுவது ஐந்து சொச்சம்.

பேட்டரியிலிருந்து போகும் கரண்ட் பேட்டரிக்கே திரும்பி வந்தாக வேண்டும். எங்கள் வண்டியில் பேட்டரி மைனஸ் சேஸிஸில் இருக்கிறது. இன்ஜினோ ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. இரண்டையும் சேர்ப்பது கியர் பாக்ஸ் பக்கத்தில் பின்னல் மாதிரி இருக்கும் ஒரு செம்புப் பட்டை. அதுதான் எர்த். அது அறுந்தால் கரண்ட் வேறு வழி தேடும். இன்ஜினையும் பாடியையும் உலோகத்தால் தொடுவது வேறு என்ன இருக்கிறது?

அப்போதுதான் அந்தப் போன் நினைவுக்கு வந்தது. குனிந்து பெடலுக்கு மேலே கேபிளைத் தொட்டேன். விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். இன்ஜின் ராத்திரியிலிருந்து ஓடவே இல்லை, பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது.

100 ஆம்பியர்தான் போனது என்று வைத்துக்கொண்டாலும், ஆறு வோல்ட்டில் அது 600 வாட். ஒரு சின்ன அயர்ன் பாக்ஸின் சூடு அந்த மெல்லிய கம்பி வழியாகப் போயிருக்கிறது. கேபிள் இரண்டு முறை உருகாமல் என்ன செய்யும்? டைனமோவும் இன்ஜின் மேல்தான் இருக்கிறது. அதன் சார்ஜும் இதே வழியாகத்தான் வர வேண்டும். பழைய பேட்டரி செத்ததும் அனேகமாக இதனால்தான். எங்கள் வேலையில் மூன்று டிக்கெட்டை மூன்று டீமுக்கு அனுப்பி, மூவரும் தனித்தனியாக மூடிவைப்போமே, அதேதான். மூன்றையும் ஒன்றாகப் பார்த்தவர் அப்பா ஒருவர்தான்.

"ஆடி மாசமே சொன்னீங்களேப்பா."

"எல்லார்கிட்டயும் சொன்னேன். எலக்ட்ரீஷியன் வயர் என் வேலை இல்லன்னான். மெக்கானிக் கரண்டு என் வேலை இல்லன்னான்." நான் என்ன சொன்னேன் என்பதை அவர் சொல்லவில்லை.

அந்த நிமிஷம் நான் மீட்டரை அணைத்துப் பையில் போட்டிருக்கலாம். எண்ணம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி என்று தெரிந்த பிறகு, 'வண்டி முடிஞ்சுதுப்பா' என்று சொல்ல வாய் வரவில்லை. ஜம்ப்பர் கேபிளில் ஒன்றை எடுத்து, பேட்டரி மைனஸையும் இன்ஜின் பிளாக்கையும் நேராகச் சேர்த்தேன். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பச் சொன்னேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

அடியில் படுத்துப் பார்த்தால், பட்டை முழுக்கப் பச்சைக் களிம்பு. நாலைந்து இழைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தத்தில் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள். தாத்தா சொல்லிச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது அது எனக்குச் சொன்னது போலவே இருந்தது. புதுப் பட்டை 350 ரூபாய். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். மறுபடி அளந்தபோது 0.2.

அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். ஓட்டாதீங்க என்று சொல்லவில்லை. "ராத்திரில ஓட்டும்போது ரோடு எப்படிப்பா தெரியுது?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எதிர்ல வண்டி வந்தா லைட்டு பூப்பூவா விரியுது. ரெண்டு வருஷமா. வயசானா அப்படித்தான்னு நெனச்சேன்."

மதுரையில் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை. மார்கழியில் வலது கண், தை மாதம் இடது கண் ஆபரேஷன் ஆனது. இப்போது பகல் லோடு மட்டும் எடுக்கிறார், இரவு லோடுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். அந்த ஏற்பாட்டைச் செய்தது அப்பாவேதான்.

போன வாரம் போன் செய்தார். "மூணாவது கியர்ல ஒரு மாதிரி முனகுதுப்பா."

மீட்டிங்கில்தான் இருந்தேன். மைக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். "எப்பப்பா? லோடு இருக்கும்போதா, இல்லாதப்பவா? முழுசாச் சொல்லுங்க."