ஜிலேபியிலிருந்து லாரி வரை

சாப்பாட்டைப் பாடமாக எடுத்துக்கொண்ட டிசைன் மாணவி ஒருவருக்கு அகமதாபாத் தெருக்களே வகுப்பறை

இரவு எட்டு மணி. அகமதாபாத்தின் பழைய நகரத்தில், மாணெக் சௌக் நகைக் கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு முதலாளிகள் ஸ்கூட்டரைக் கிளப்புகிறார்கள். அவர்கள் முழுசாக வெளியேறுவதற்குள் எதிர்த்திசையிலிருந்து மடக்கு மேஜைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கேஸ் சிலிண்டர்களும் வந்து இறங்குகின்றன. இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் இரும்புக் கல் ஒன்று வருகிறது. ஒன்பதரை மணிக்கெல்லாம், பகல் முழுக்கத் தங்கம் எடை போட்ட வாசலில் வெண்ணெய் உருகிக்கொண்டிருக்கிறது.

பூட்டிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்து இதையெல்லாம் மணி பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறார் ஒரு மாணவி. மடியில் படம் வரையும் நோட்டு, பக்கத்தில் அளவு நாடா. சாப்பிட வந்தவர் இல்லை, சாப்பாட்டைப் படிக்க வந்தவர். சபர்மதியின் மேற்குக் கரையில் பால்டியில் இருக்கும் தேசிய டிசைன் நிறுவனத்தில் டெக்ஸ்டைல் டிசைன் பயில்கிறார். ஆட்டோக்காரர்களுக்கு அது என்.ஐ.டி. இந்தப் பருவத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு ஒரே சொல்: உணவு.

கேட்பதற்குச் சுலபமான தலைப்பு. சிக்கலும் அதில்தான். முதல் இரண்டு வாரங்கள் அவர் செய்தது, இந்தத் தலைப்பை எடுக்கும் யாரும் செய்யக்கூடியதுதான்: கண்ணுக்கு அழகானதையெல்லாம் வரைந்து தள்ளினார். குஜராத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஜிலேபியின் சுருள். சேப்பங்கிழங்கு இலையில் கடலைமாவுக் குழம்பைத் தடவி, அடுக்கிச் சுருட்டி, ஆவியில் வேகவைத்து நறுக்கும் பாத்ராவின் குறுக்குவெட்டு, மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல. பிறைவடிவ கூக்ராவின் ஓரத்தில் விரலால் மடித்து மடித்துப் போடும் பின்னல். (தீபாவளிக்கு நம் வீடுகளில் செய்யும் சோமாசியின் உடன்பிறப்பு அது. நம்மவர்கள் பலர் அச்சு வாங்கிய பிறகு அந்தப் பின்னலை மறந்தே போனார்கள்.) இவற்றைத் துணியில் அச்சிட்டால் திண்டு உறைகள் நன்றாகவே விற்கும். ஆசிரியர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்: இதில் சாப்பாடு எங்கே இருக்கிறது?

அந்தக் கேள்வி அந்த வளாகத்துக்குப் புதிதல்ல. 1958-ல் இந்திய அரசின் அழைப்பின் பேரில் வந்த அமெரிக்க டிசைனர்கள் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் நாடெங்கும் சுற்றிவிட்டு எழுதிக் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் 1961-ல் தொடங்கிய என்.ஐ.டி. நாற்காலிகளால் உலகப் புகழ் பெற்றிருந்த அந்தத் தம்பதி இங்கே கண்டவற்றிலேயே உயர்ந்த இடம் கொடுத்தது அரண்மனைக்கும் அல்ல, பட்டுச்சேலைக்கும் அல்ல. லோட்டாவுக்கு. அதாவது நம்மூர்ச் செம்புக்கு. ஒரு செம்பைப் புதிதாக வடிவமைக்க வேண்டுமானால் எத்தனை விஷயங்களை யோசிக்க வேண்டும் என்று அவர்கள் அடுக்கிக்கொண்டே போனார்கள்: எவ்வளவு தண்ணீர், யாருடைய கை, தலையிலா இடுப்பிலா, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கும், சாய்த்தால் எப்படி ஊற்றும், விலை என்ன, மோதினால் என்ன சத்தம் வரும். இவ்வளவையும் எந்தத் தனி மனிதரும் உட்கார்ந்து தீர்க்கவில்லை. பெயர் தெரியாத பல தலைமுறைகள் சேர்ந்து தீர்த்தன.

மாணவி நோட்டை மாற்றினார். உருவத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்க்கத் தொடங்கினார்.

முதல் வகுப்பு, பழைய நகரத்துப் போள் ஒன்றில் ஒரு வீட்டுச் சமையலறை. போள் என்பது ஒரே வாசல் வைத்த முட்டுச்சந்துக் குடியிருப்பு. பக்கவாட்டில் சுவர் ஒட்டிய மர வீடுகள், அடியில் மழைநீர் சேரும் டாங்கா, நடுவில் பறவைகளுக்குத் தானியம் போடச் செதுக்கிய மரக் கம்பத்தின் மேல் ஒரு சபூத்ரோ. குருவிக்கும் சாப்பாட்டு மேஜை கட்டிய ஊர். 2017-ல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபோது இந்த மர வீடுகளுக்குத்தான் முக்கியப் பங்கு.

அந்தச் சமையலறையில் அன்று காண்ட்வி. கடலைமாவையும் மோரையும் கரைத்துக் கட்டி விழாமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பதம் வந்ததும் தட்டின் பின்பக்கத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, காகிதம் போல மெலிதாகத் தேய்க்க வேண்டும். ஆறுவதற்குள் தேய்த்தாக வேண்டும், ஆறிய பிறகுதான் சுருட்ட முடியும். கொஞ்சம் முந்தினால் ஒட்டும், கொஞ்சம் பிந்தினால் தேய்க்கவே வராது. வீட்டுப் பெரியம்மா கடிகாரம் பார்ப்பதில்லை. ஒரு சொட்டைத் தட்டில் தடவி, நகத்தால் உரித்துப் பார்க்கிறார். மாணவி நான்கு தட்டுகளை வீணாக்கினார். ஐந்தாவது தட்டில் நாடா போலச் சுருண்டு வந்ததும் அவர் எழுதிக்கொண்டது காண்ட்வியின் வடிவத்தை அல்ல. மாவு, மோர் என்று போட்டிருந்த பொருள்களின் பட்டியலில் மூன்றாவதாக ‘நேரம்’ என்று சேர்த்தார்.

ஃபாஃப்டா கடையில் வேறு பாடம். தசராவன்று அகமதாபாத்தில் ஃபாஃப்டாவும் ஜிலேபியும் சாப்பிடாத வீடு அரிது, வாங்குவதற்கு வரிசை தெருமுனை தாண்டும். கடலைமாவு உருண்டை ஒன்றை மரப்பலகையில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரே இழுப்பு. முழம் நீளத்துக்கு ஒரு பட்டை. கத்தியால் வழித்து நேராக எண்ணெய்க்குள். கட்டையும் இல்லை, அச்சும் இல்லை. அந்தப் பலகை பல வருட இழுப்பில் நடுவே லேசாகக் குழிந்திருக்கிறது. மாஸ்டரின் வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருக்கிறது. மாணவி இரண்டையும் அளந்து வரைந்தார். கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படம் பிடிக்க வருகிறவர்கள் எல்லோரும் பண்டத்தைத்தான் பிடிப்பார்கள், தோளைப் பிடித்தவர் இவர்தான் என்றாராம்.

சர்கேஜ் சாலையில் வாசணா அருகே விஷாலா என்ற உணவகத்தை ஒட்டி, 1981-ல் தொடங்கிய ‘வேசார்’ பாத்திர அருங்காட்சியகம் இருக்கிறது. விஷாலாவை நிறுவிய சுரேந்திர பட்டேல் சேர்த்தவை. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு பித்தளை அண்டாக்கள் எடைக்கு எடை உருக்கப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இன்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் அங்கே வரிசை கட்டி நிற்கின்றன. பாக்குவெட்டிகளுக்கே தனிக் கூட்டம். ஒரு மத்தியானம் அங்கே கழிந்தது. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் அடுப்பில்லாத பாத்திரங்களிடம் ஒரு மௌனம் உண்டு. மாணவி மறுநாளே மாணெக் சௌக்கின் படிக்குத் திரும்பினார்.

அங்கே படிப்பதற்கு நிறைய இருக்கிறது. முன்பெல்லாம் விடியற்காலையில் மாடுகளுக்குப் புல் போடுகிற இடம். பிறகு காய்கறிக் கூடைகள். பகலில் தங்கம், வெள்ளி, துணி. இரவில் சாப்பாடு. ஒரு பக்கம் நகரத்தை நிறுவிய அகமது ஷா அடங்கிய கல்லறை, இன்னொரு பக்கம் அவருடைய ராணிகளின் கல்லறை. இரண்டுக்கும் நடுவே நள்ளிரவு தாண்டியும் பாவ்பாஜி. சதுக்கத்துக்குப் பெயர் கொடுத்த மாணெக்நாத் என்ற சாதுவைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. அகமது ஷா 1411-ல் கோட்டைச் சுவர் எழுப்பியபோது சாது பகலெல்லாம் பாய் பின்னுவாராம், இரவில் அதைப் பிரிப்பாராம். அவர் நூலைப் பிரிக்கப் பிரிக்க, பகலில் கட்டிய சுவர் இடிந்து விழுமாம். தினமும் கட்டித் தினமும் பிரிக்கிற சதுக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான தல புராணம் கிடைக்காது.

பாவ்பாஜிக் கல்லின் ஓரங்களில் மசித்த காய்கறி மதில்போல ஏறி நிற்கிறது. நடுவில் ஒரு தட்டுக்கானது மட்டும் வெண்ணெயில் முடிகிறது. ஒரே கல்தான் சமையலறை, அதுவே பண்டகசாலை. சற்றுத் தள்ளி ‘குவாலியர் தோசை’. வெண்ணெய், காய்கறி, துருவிய சீஸ் என்று ஏற்றி, சுருட்டி, துண்டு போட்டு நிற்கவைத்துத் தருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் அதிர்ச்சியடையலாம். ஆனால் நான்கு நண்பர்கள் ஒரே தட்டைச் சுற்றி நின்று சாப்பிடுகிற இடத்தில் வட்டமான தோசையைப் பிய்ப்பதைவிடத் துண்டை எடுப்பது சுலபம். இதுவும் டிசைன்தான், ருசியைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம்.

இந்த இடம் யாரும் சும்மா கொடுத்துவிட்டதல்ல. இங்கே கூடை வைத்துக் காய்கறி விற்ற பெண்களை மாநகராட்சியும் போலீசும் விரட்டியபோது, இலா பட் 1972-ல் தொடங்கிய சேவா அமைப்பு அவர்களுக்காக 1982-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. உட்கார்ந்து விற்கும் உரிமையை வழக்காடித்தான் பெற்றார்கள். நாடு முழுவதற்கும் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது 2014-ல்.

ஐந்தாவது வாரம் மாணவிக்கு ஒரு யோசனை உதித்தது. வண்டியையே புதிதாக வடிவமைத்தால் என்ன? குஜராத்தியில் தள்ளுவண்டிக்கு ‘லாரி’ என்று பெயர். முதல் முறை கேட்கும் தமிழருக்குக் குழப்பம் உத்தரவாதம். நான்கு சக்கரம், ஒரு மரப்பலகை, மேலே தார்ப்பாய். தண்ணீர் வைக்க இடமில்லை, குப்பைக்கு இடமில்லை, குனிந்து குனிந்து முதுகு போகிறது. மடக்கு கூரை, பக்கவாட்டுத் தொட்டி, உயரத்தை ஏற்றி இறக்கும் கால் என்று அழகான வரைபடம் தயாரானது. அதை எடுத்துக்கொண்டு அவர் போனது மாணெக் சௌக்குக்கு அல்ல. ஆற்றின் இந்தப் பக்கம், கல்லூரிக்குப் போகிற வழியில் ஆம்லெட் போடும் ஒருவரிடம்.

அவர் படத்தை அக்கறையாகவே பார்த்தார். பிறகு சொன்னார்: “பென், ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு போனால் நான் அழுவேன். இப்போது இருக்கிற வண்டியைத் தூக்கினால் திட்டிவிட்டு வேறொன்று வாங்குவேன்.”

அந்த வண்டி அவ்வளவு மோசமாக இருப்பதற்குக் காரணம் அறியாமை இல்லை. பறிபோனால் தாங்கிக்கொள்ளும் விலையில் அது செய்யப்பட்டிருக்கிறது. அவருடைய கவலைக்கு ஆதாரமும் உண்டு. 2021 நவம்பரில், ராஜ்கோட், வடோதரா வழியில் அகமதாபாத் மாநகராட்சியும் முக்கியச் சாலைகளிலும், பள்ளிகள், வழிபாட்டுத் தலங்களைச் சுற்றி நூறு மீட்டருக்குள்ளும் அசைவ வண்டிகள் நிற்கக் கூடாது என்று முடிவெடுத்தது. முட்டை வண்டிகளும் அதில் சேர்ந்தன. ஆக்கிரமிப்பைத்தான் அகற்றுகிறோம் என்றது நிர்வாகம். வியாபாரிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். மக்கள் எதைச் சாப்பிட வேண்டும் என்று நீங்கள் எப்படித் தீர்மானிக்கலாம் என்ற பொருளில் டிசம்பரில் நீதிபதி கடுமையாகவே கேட்டார்.

அன்று இரவு மாணவி தம் உணவு வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது அதில் ஓர் ஓட்டை தெரிந்தது. ஐந்து வாரங்களாகக் குறித்தவை எல்லாம் கடலைமாவும் வெண்ணெயும். மாணெக் சௌக்கிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தீன் தர்வாஜா. அதன் பக்கத்தில் பட்டியார் கலி, சமையல்காரர்களின் சந்து என்று அர்த்தம். தலைமுறை தலைமுறையாக இறைச்சி வேகும் சந்து. அகமதாபாத் என்றாலே சைவம் என்ற விளம்பரப் படத்தில் அது வருவதில்லை, அவருடைய நோட்டிலும் வந்திருக்கவில்லை. மறுநாள் மாலை அங்கே போனார். செம்பு தேக்சாக்கள், கரி அடுப்பு, கபாப் கம்பியை விசிறும் கை. அந்தக் கையும் ஃபாஃப்டா மாஸ்டரின் தோளும் நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன.

டிசைன் செய்யப்பட்ட சாப்பாட்டுத் தெருவும் நகரத்தில் இல்லாமல் இல்லை. லா கார்டன் ஓரமாகப் பல வருடம் இயங்கிய தின்பண்டக் கடைகள் 2018-ல் இடிக்கப்பட்டன. 2020 பிப்ரவரியில் அதே இடத்தில் ‘ஹேப்பி ஸ்ட்ரீட்’ என்று ஆங்கிலப் பெயரோடு புதிய தெரு திறந்தது. பளிச்சென்ற விளக்கு, ஒரே மாதிரி வண்டிகள், நடைபாதை, உட்காரும் இடம். குறை சொல்ல முடியாத சுத்தம். ஆனால் புதிய வாடகை எங்களுக்கு எட்டாது என்பது பழைய கடைக்காரர்களின் புகாராக இருந்தது. நல்ல வரைபடம் யாருக்காக வரையப்படுகிறது என்பது வரைகிறவர் கையில் மட்டும் இல்லை. டெண்டர் தாளிலும் இருக்கிறது.

மடக்கு கூரை வண்டியின் படம் சுருட்டி மூலையில் வைக்கப்பட்டது. பருவ முடிவில் மாணவி சுவரில் மாட்டியது பத்தடி நீளத் துணி ஒன்று. அதில் ஜிலேபி இல்லை. மாணெக் சௌக்கின் இருபத்து நான்கு மணி நேரம், மேலிருந்து பார்த்த வாக்கில், ஒவ்வொரு மேஜையும் கூடையும் எத்தனை மணிக்கு எந்தக் கல்லின் மேல் வந்து நின்றது, எத்தனை மணிக்குப் போனது என்று தையலால் போடப்பட்டிருந்தது. பார்க்க வந்தவர்களில் ஒருவர், இதில் விற்கக்கூடிய பொருள் எது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் தயாராக இல்லை.

துணியில் ஓர் இடத்தில் தையல் பாதியில் நின்றிருந்தது. அதிகாலை இரண்டு மணிக்கும் முதல் காய்கறிக் கூடைக்கும் இடைப்பட்ட நேரம். விடுதிக் கதவு சாத்திவிடுவதால் அந்த நேரத்தை அவர் பார்த்ததே இல்லை. அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு நாள் போனார். கடைசிக் கல்லைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். சாம்பல் கலந்த தண்ணீர் நகைக் கடைப் படிகளின் கீழே ஓடுகிறது. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து, கயிற்றால் கட்டி, ஒரு பையன் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். வண்டி நகர்கிறது. மாணவி மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்: 2.40.